ஆறாவது சீட்டா, நிமிர்ந்து நிற்கும் சீட்டா: கொஞ்சம் கோணலான நாலு ஹேட்ச்பேக்குகள்

எங்கள் வீட்டு கேட்டுக்கும் போர்ட்டிகோவின் பின்சுவருக்கும் நடுவே 13½ அடி. டேப் பிடித்து இரண்டு தடவை அளந்துவிட்டேன். மீட்டர் கணக்கில் 4.11. நாலு மீட்டருக்குள் இருக்கும் கார் என்றால் கேட்டைச் சாத்தலாம். அதற்கு மேல் போனால் வண்டியின் வால் தெருவில் நிற்கும். தென்காசியில் எங்கள் தெருவின் அகலத்துக்கு அது நடக்காத காரியம்.

வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு 72 வயது, வலது முழங்காலில் மாற்று மூட்டு. அம்மா, நான், மனைவி. மகனுக்குப் பதினாலு வயதுதான், அதற்குள் என்னைவிட அரை அங்குலம் வளர்ந்துவிட்டான். மகளுக்கு எட்டு. இது போதாதென்று மனைவி வீட்டோடு ஒரு சின்ன நர்சரி வைத்திருக்கிறாள். ஒட்டு மா, கொய்யா, செம்பருத்தி, மாடித்தோட்டப் பைகள். கன்று கேட்பவர் வீட்டில் கொண்டுபோய் இறக்க ஒவ்வொரு தடவையும் லோடு ஆட்டோ. ஆட்டோ வாடகை கன்று விலையைத் தாண்டிய நாளும் உண்டு.

ஆறு பேர் என்றதும் எல்லோரும் சொல்வது மாருதியின் ஏழு சீட் எர்டிகா. நல்ல வண்டிதான், ஆனால் நீளம் 4.25 மீட்டருக்கு மேல். கேட் சாத்தாது. ஐந்து லட்சத்துக்குள் ஓட்டம் குறைந்த வண்டியாகக் கிடைப்பதும் கஷ்டம். ஆகவே நாலு மீட்டருக்குள் இருக்கும் பழைய ஹேட்ச்பேக்குகளில், வழக்கமான ஹேட்ச்பேக் மாதிரி இல்லாதவற்றைத் தேடினேன். ஸ்விஃப்டும் ஐ20-யும் எனக்கு ஆகாது. அவை அஞ்சு பேரை உட்கார வைத்து அழகாக நிற்கும், அவ்வளவுதான். என் பட்டியலில் கடைசியில் நின்றவை நாலு: மஹிந்திரா கேயூவி 100, ஹோண்டா ஜாஸ், மாருதி வேகன் ஆர், சிட்ரோயன் சி3.

இந்த நாலிலும் ஏதோ ஒரு கோணல் இருக்கிறது. கேயூவியில் முன்வரிசையில் மூன்று பேர். ஜாஸில் பின்சீட்டின் அடிப்பலகை நிமிர்ந்து நிற்கும். வேகன் ஆர் அகலத்தைவிட உயரம் கூடியது. சி3-யில் ஜன்னல் சுவிட்சே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கோணலையும் யாரோ ஓர் இன்ஜினியர் ஏதோ ஒரு பிரச்சினைக்குப் பதிலாக யோசித்திருப்பார். அந்தப் பிரச்சினை நம் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் அந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீண், கூடவே அதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்த வேறு எதையோ நாமும் இழக்கிறோம்.

வேகன் ஆரைக் கோணல் என்றதும் சிரித்தவர்கள் உண்டு. இன்று தெருவுக்கு ரெண்டு நிற்கிற வண்டி. ஆனால் 1999 டிசம்பரில் அது இங்கே வந்தபோது 'தீப்பெட்டி' என்று கேலி செய்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முந்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதற்கும் இதே கேலி. 'டால் பாய்' (நெட்டைப் பையன்) என்ற பெயரே அப்போது புழக்கத்துக்கு வந்ததுதான். சேலை கட்டிய அம்மாக்களும் வேட்டி கட்டிய அப்பாக்களும் குனியாமல் ஏறி இறங்கினார்கள், கேலி நின்றுபோனது.

அப்பாவை வைத்துத்தான் எல்லா வண்டியையும் சோதித்தேன். மூட்டு மாற்றியவர் காரில் ஏறும் விதமே வேறு. நாம் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு உட்காருவோம். அவர் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கையால் கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் உட்காருவார். அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைப்பார். சீட் திண்ணை உயரத்தில் இருந்தால் சுலபம். தாழ்வாக இருந்தால் கடைசி நாலு விரற்கடை தூரம் 'பொத்'தென்று விழுவார், எழும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். இந்தப் பரீட்சையில் வேகன் ஆர் முதல் மார்க். 2019-க்குப் பிந்தைய மாடலின் உயரம் 1675 மி.மீ. கதவும் நன்றாக அகலத் திறக்கிறது. அப்பா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "இதையே வாங்கிருடா" என்றார். கேயூவியும் கிட்டத்தட்ட அதே உயரம், அதே சுகம். சி3 அடுத்து. ஜாஸ் கடைசி. கடைசி என்றாலும் மோசமில்லை. கூரை 1544 மி.மீ., முன்கண்ணாடித் தூண் சாய்வாக வருவதால் தலையைக் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், சீட்டும் ஒரு படி தாழ்வு. மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டார்.

இனி கேயூவி.

2016 ஜனவரியில் இது வந்தபோது எல்லோரும் பேசியது ஒன்றைப் பற்றித்தான்: முன்னால் மூன்று பேர். நமக்கு இது புதிதும் இல்லை. அம்பாசிடரிலும் பத்மினியிலும் முன்சீட் ஒரே பெஞ்ச்தானே, கியர் ஸ்டியரிங்கோடு இருக்கும், நடுவில் ஒரு சித்தப்பா உட்கார்ந்திருப்பார். மஹிந்திரா அதே யோசனையை 3.7 மீட்டர் நீள வண்டியில் கொண்டுவந்தது. கியர் லிவரைத் தரையிலிருந்து எடுத்து டேஷ்போர்டில் வைத்தார்கள். ஹேண்ட்பிரேக் சீட்டுகளுக்கு நடுவே இல்லை, டேஷ்போர்டுக்குக் கீழே இழுத்துத் திருப்பும் பிடியாக வந்தது. நடுவில் கிடைத்த இடத்தில் ஆறாவது சீட். ஆள் இல்லாதபோது அதன் சாய்வைக் கீழே மடக்கினால் கை வைத்துக்கொள்ளும் இடம். பின்சீட்டிலும் தரை சமமாக இருக்கிறது, நடுவில் உட்காருபவர் காலை அகட்டி வைக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்து பார்க்கும்வரை எனக்கு இதுதான் என்று தோன்றியது. ஆறு பேருக்கு ஆறு சீட், போர்ட்டிகோவில் நாற்பது சென்டிமீட்டர் மிச்சம், இன்னும் என்ன வேண்டும்? எதிர்பாராத ஒரு சௌகரியமும் இருந்தது. எங்கள் போர்ட்டிகோவில் வண்டியின் வலதுபக்கம் சுவர். சுவரை ஒட்டி நிறுத்தினால் டிரைவர் கதவு திறக்காது. கேயூவியில் நடுவில் தடுப்பே இல்லாததால் அப்படியே நகர்ந்து இடதுபக்கம் இறங்கிவிடலாம். விற்க வந்தவர் வீட்டுச் சந்தில் அவர் அப்படித்தான் இறங்கினார். பழக்கம் போலிருக்கிறது, ஒரே வழுக்கலில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்புறம் நாங்கள் ஆறு பேரும் ஏறினோம். முன்னால் நடுவில் யார்? மகன் உட்கார்ந்தால் அவன் முழங்கால் கியர் லிவருக்குப் போட்டியாக வருகிறது. இரண்டாவது கியருக்கு இழுக்கும்போதெல்லாம் "காலை ஒதுக்குடா" என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவை அங்கே உட்கார வைக்க முடியாது. மனைவி உட்கார்ந்து பார்த்தாள். தோளோடு தோள் இடிக்கிறது. மிச்சம் மகள். அவளுக்கு அந்த இடம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது, அவளுக்கும் குஷி. ஆனால் அங்கே மூன்று முனை பெல்ட் இல்லை, இடுப்பு பெல்ட் மட்டும்தான். ஏர்பேக் டிரைவருக்கும் அந்தப் பக்கம் உட்காருபவருக்கும். நடுவில் இருப்பவருக்கு நேர் எதிரே டேஷ்போர்டு. சடன் பிரேக் போட்டால் இடுப்பு நிற்கும், தலை நிற்காது. எட்டு வயதுப் பிள்ளையை அங்கே உட்கார வைத்துக்கொண்டு நாலுவழிச் சாலையில் 80-ல் போக எனக்கு மனசு வரவில்லை. நம் ஊரில் சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே முன்சீட்டில் போகிறார்கள், நீ என்னடா என்று கேட்கலாம். கேளுங்கள்.

இத்தாலியில் ஃபியட் 1998-ல் மல்டிப்ளா என்று ஒரு வண்டி விட்டது. அதிலும் முன்னால் மூன்று, பின்னால் மூன்று, நீளம் நாலு மீட்டருக்குள். ஆனால் அதன் அகலம் 1.87 மீட்டர். மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார அகலம் வேண்டும் என்று வண்டியையே அகலமாக்கினார்கள். பார்க்க விகாரம், உட்கார சொர்க்கம் என்பார்கள். கேயூவி சுமார் 1.7 மீட்டர் அகலத்தில் அதே வித்தையைச் செய்யப் பார்க்கிறது. அந்த பதினேழு சென்டிமீட்டர்தான் நாங்கள் இடித்துக்கொண்ட தோள்.

டிக்கியும் ஒரு கணக்கு. கேயூவியின் டிக்கி 243 லிட்டர். ஆறு பேர் ஏறினால் ஆறு பேரின் துணிப்பை எங்கே? மேலே கேரியர் போட வேண்டும். நர்சரிப் பைகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். டீசல் வண்டி கிடைத்தால் இழுவை நன்றாக இருக்கிறது, 190 நியூட்டன் மீட்டர். 2020-ல் பி.எஸ். 6 என்ற புதுப் புகை விதி வந்தபோது டீசல் நின்றுவிட்டது, 2023-ல் வண்டியே நின்றுவிட்டது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட 82 குதிரைத்திறன். ஊருக்குள் போதும், ஆறு பேரோடு மலை ஏற முக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: எல்லா கேயூவியும் ஆறு சீட் இல்லை. ஐந்து சீட்டாக வந்ததும் உண்டு. ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏர்பேக் இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லா வேரியன்ட்டிலும் கட்டாயமாக வரவில்லை. தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகிற வீடு, ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஓட்டம், ஆறாவது ஆள் தினமும் உண்டு என்றால் இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். இந்த விலையில் இந்த நீளத்தில் சட்டப்படி ஆறு பேரை ஏற்றுகிற ஹேட்ச்பேக் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

நான் யோசித்தது அந்த 'தினமும்' என்ற சொல்லைத்தான். போன வருஷ காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு பேரும் ஒன்றாகக் கிளம்பிய நாளை எண்ணினோம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில். சங்கரன்கோயில் ஆடித்தபசு. குற்றாலம் சீசனில் ரெண்டு தடவை. மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு பதினாறாம் நாள். மொத்தம் ஒன்பது நாள். கன்று ஏற்றிக்கொண்டு போன நாள்? மனைவியின் நோட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று என்று இருந்தது.

அங்கேதான் ஜாஸ் உள்ளே வந்தது.

பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். அதனால் பின்சீட்டின் அடியில் நமக்கு எந்த இடமும் கிடையாது, தரையும் மேடாகத்தான் இருக்கும். 2001-ல் ஜப்பானில் முதல் ஃபிட் வந்தபோது (அதுதான் இங்கே ஜாஸ்) ஹோண்டா அந்த டேங்கை எடுத்து முன்சீட்டுகளுக்கு அடியில் தட்டையாக வைத்தது. இந்த ஒரு மாற்றத்தால் பின்பக்கம் முழுக்கக் காலியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததுதான் மேஜிக் சீட். சாய்வை மடக்கினால் அடிப்பலகை கீழே இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்ளும், டிக்கியிலிருந்து முன்சீட் வரை ஒரே சமதளம். மடக்காமல் அடிப்பலகையை மட்டும் மேலே தூக்கினால் சினிமா தியேட்டர் சீட் மாதிரி சாய்வோடு ஒட்டி நிற்கும், அதன் கால் தானாக மடங்கிக்கொள்ளும். இப்போது முன்சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை வெற்றிடம்.

சொல்லிப் புரியாது. அம்பாசமுத்திரத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் 2016 ஜாஸ் ஒன்று விற்பனைக்கு நின்றது. மனைவி போகும்போதே பையில் கட்டிய ஒட்டு மாங்கன்று நாலு கொண்டுவந்திருந்தாள், ஒவ்வொன்றும் மூன்றரை அடி. ஒருபக்கச் சீட்டைத் தூக்கி நிறுத்தினோம். பின்கதவு வழியாகக் கன்றைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே விட்டு நிமிர்த்தினால் தரையில் பை நிற்கிறது, கொழுந்து கூரையைத் தொடவில்லை. நாலும் நின்றது, இன்னும் நாலு நிற்கும். மறுபக்கம் மகன் உட்கார்ந்திருந்தான். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். டிக்கியில் கேனைப் படுக்கவைத்தால் வளைவில் உருளும். இங்கே முன்சீட்டின் முதுகுக்கும் தூக்கிய சீட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. வாத்தியார் சிரித்துக்கொண்டே, "எட்டு வருஷமா வச்சிருக்கேன், இப்படித் தூக்கலாம்னு எனக்கே தெரியாது" என்றார். பின்சீட் புத்தம் புதிதாக இருந்ததற்குக் காரணம் புரிந்தது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. மேஜிக் சீட் எல்லா ஜாஸிலும் கிடையாது. அதற்கு முந்தின வாரம் ஒரு புரோக்கர், "ஜாஸ்னாலே மேஜிக் சீட்தான் சார்" என்று சத்தியம் செய்து எங்களை ராஜபாளையம் வரை வரவழைத்தார். சீட்டைத் தூக்கினேன், அசையவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினேன், அவர் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் செலவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனது. 2015 ஜூலையில் வந்த தலைமுறையில் மேல் வேரியன்ட்களில்தான் தேட வேண்டும். விற்பவர் சொல்வதையும் விளம்பரத்தில் போட்டிருப்பதையும் விடுங்கள், அடிப்பலகையின் முன்விளிம்பில் கை வைத்துத் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் ஜாஸ். தூக்காவிட்டால் அது வெறும் விலை கூடிய ஹேட்ச்பேக்.

விலை கூடிய என்று சொன்னது சும்மா இல்லை. ஜாஸின் இந்திய ஜாதகமே அதுதான். 2009-ல் முதலில் வந்தபோது சின்ன காருக்கு இவ்வளவா என்று யாரும் பக்கத்தில் போகவில்லை. 2011-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலையைக் குறைத்தார்கள். 2013-ல் நிறுத்தினார்கள், 2015-ல் புதுத் தலைமுறையோடு திரும்ப வந்தார்கள், 2023-ல் மறுபடி நிறுத்தினார்கள். புதிதாக வாங்கியவர்களுக்கு வருத்தம், பழையதாக வாங்குகிற நமக்கு லாபம். இந்தப் பக்கத்தில் ஜாஸைக் கேட்டு வருபவர்கள் குறைவு என்பதால் பேரம் பேச இடம் இருக்கிறது. நிறுத்திய வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைக்குமா என்ற பயம் எனக்கும் இருந்தது. 1.2 பெட்ரோல் இன்ஜின் அமேஸிலும் ஓடுவதுதான், ஆகவே இன்ஜின் பக்கம் கவலை இல்லை. கண்ணாடி, பம்பர், விளக்கு என்று வெளிப்பக்கம் அடிபட்டால்தான் காத்திருக்க வேண்டி வரும். கேயூவிக்கும் இதே கதைதான்.

குறை இல்லாமல் இல்லை. 90 குதிரைத்திறன் என்பது காகிதத்தில். 110 நியூட்டன் மீட்டர் இழுவை, இன்ஜின் நிமிஷத்துக்கு 4800 சுற்றில் ஓடும்போதுதான் முழுசாக வருகிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஐந்து பேரோடு ஏ.சி. போட்டுக்கொண்டு போனால் மூன்றாவது கியரில் இழுக்காது, இரண்டாவதுக்கு வந்து இன்ஜினைக் கத்தவிட வேண்டும். வண்டி எடையும் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அதே 1.2 லிட்டரில் வேகன் ஆர் 850 கிலோவுக்குள் இருப்பதால் துள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஜாஸின் மேல் வேரியன்ட்டில் ஏ.சி. பட்டன் எல்லாம் தொடுதிரை மாதிரி வழுக்குப் பலகை. பார்க்க நன்றாக இருக்கும், ஓட்டிக்கொண்டே விரலால் தடவித் தேடுவது எரிச்சல். திருகுகிற பழைய குமிழுக்கு ஈடாகாது.

பாதுகாப்பைப் பேசாமல் போக முடியாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஜாஸ் 2022-ல் பெரியவர்களுக்கு நாலு நட்சத்திரமும் குழந்தைகளுக்கு மூன்றும் வாங்கியது. வேகன் ஆர் 2019-ல் இரண்டு நட்சத்திரம். இரண்டும் ஒரே பழைய விதிமுறையில் நடந்தவை, அதனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விதி கடுமையான பிறகு 2023-ல் வேகன் ஆர் ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கியது. அந்த ஒன்றை ஜாஸின் நாலோடு வைத்துப் பேசுவது சரியில்லை, யூடியூப்பில் அப்படித்தான் பேசுகிறார்கள். இன்னொன்று, சோதித்தது இரண்டு ஏர்பேக் உள்ள ஜாஸ். 2015, 2016-ல் வந்த கீழ் வேரியன்ட்டில் ஏர்பேக் இருக்காது. அந்த நாலு நட்சத்திரம் அதற்குப் பொருந்தாது.

வேகன் ஆருக்கு அப்பாவின் ஓட்டு இருந்தும் நான் தயங்கியது இதனால்தான். மற்றபடி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிக்கி 341 லிட்டர், மைலேஜ் நன்றாக வரும், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு ரிப்பேர் பார்ப்பார், திரும்ப விற்றாலும் காசு. பின்சீட் சாய்வு மடங்கும், ஆனால் அடிப்பலகை தூக்காது, கன்றைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்த ஒட்டுக்கன்றின் கொழுந்து வழியிலேயே ஒடியும். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் டிக்கியைத் தின்றுவிடும். வீட்டில் வயதானவர்தான் முதல் கவனம், சாமான் ஏற்றும் வேலை இல்லை, ஊருக்குள்ளேயேதான் ஓட்டம் என்பவர்கள் மேலே நான் எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு வேகன் ஆர் வாங்கலாம். 1.2 பாருங்கள், 1.0 வேண்டாம்.

சி3 பற்றிச் சுருக்கமாக. திருவள்ளூரில் செய்கிற வண்டி, நம் ஊர் வண்டி என்ற பாசம் கொஞ்சம் இருந்தது. 2022 ஜூலையில் வந்தது, அதனால் பட்டியலில் இதுதான் இளசு. மேடு பள்ளத்தில் போகும் சுகம் இந்த நாலில் இதற்கு ஈடில்லை. கடையநல்லூர் பக்கம் தோண்டிப்போட்ட ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், அப்பா தூங்கிவிட்டார். ஆனால் முதல் வருஷ வண்டிகளில் மிச்சம் பிடித்த இடம் எல்லாம் கண்ணில் குத்துகிறது. இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் இல்லை. பின்கதவு ஜன்னலுக்கு சுவிட்ச் கதவில் இல்லை, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. பின்னால் உட்கார்ந்த அம்மா ஐந்து நிமிஷம் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள், அப்புறம் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் எக்கி அமுக்கினாள். 2024-ல் அந்த சுவிட்சைக் கதவுக்குக் கொண்டுவந்தார்கள், ஆறு ஏர்பேக்கும் சேர்த்தார்கள். அந்த மாடல் என் கைக்காசுக்கு எட்டாது. முந்தைய வண்டியைப் பொறுத்தவரை, பிரேசிலில் செய்த சி3 2023-ல் லத்தீன் என்கேப்பில் பூஜ்யம், இங்கே செய்த மின்சார இ-சி3 2024-ல் குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்குப் பூஜ்யம். சுகத்துக்காகப் பூஜ்யத்தை வாங்க முடியாது.

வீட்டில் பஞ்சாயத்து மூன்று நாள் நடந்தது. அப்பா வேகன் ஆர். மகன் கேயூவி டீசல். மனைவி முதல் நாளிலிருந்தே ஜாஸ். அம்மா, "எதையாவது வாங்குங்க, ஜன்னல் சுவிட்ச் கதவுல இருக்கட்டும்" என்றாள். ஒன்பது நாள் கணக்கை எடுத்து வைத்தேன். அந்த ஒன்பது நாளுக்கும் டிரைவரோடு பெரிய வண்டி வாடகைக்கு எடுத்தாலும் கட்டுப்படியாகும். கல்யாணத்துக்குப் போகிற நாளில் நானும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வரலாம். வாரம் மூன்று நாள் லோடு ஆட்டோவுக்குக் கொடுப்பது மிச்சமாகும். அப்பாவுக்காக ஒரு வேலை செய்தோம். வாத்தியாரிடம் கேட்டு மறுபடி போய், முன்சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, சாய்வை ஒரு படி நிமிர்த்தி உட்கார வைத்தோம். கால் தூக்கி வைக்க இடம் தாராளமாகக் கிடைத்தது. "குனியணும், பரவாயில்ல" என்றார். அவர் பரவாயில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம்.

எடுப்பதற்கு முன் சேசிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, குறை கண்டு கம்பெனியே திரும்ப அழைத்த பாகம் ஏதும் மாற்றாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். காசு கேட்கவில்லை. எந்தப் பழைய வண்டிக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

ஜாஸின் நீளம் 3955 மி.மீ. முதல் நாள் ராத்திரி உள்ளே விட்டு கேட்டைச் சாத்தினேன். கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வலதுபக்கச் சுவர் பழையபடி இடித்தது, கியர் லிவரைத் தாண்டி இடதுபக்கம் இறங்க வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியிருந்தது. கேயூவிக்காரர் ஒரே வழுக்கலில் போனது ஞாபகம் வந்தது. காலையில் பார்த்தால் மனைவி பின்சீட்டைத் தூக்கி நிறுத்தி, தரையில் சாக்கு விரித்து, பாவூர்சத்திரத்துக்குப் போக வேண்டிய ஆறு கொய்யாக்கன்றை ஏற்றிவைத்திருந்தாள்.